வடதுருவ ஒளி பார்க்கப் போகிறவர்களுக்கு: சூரியனைவிட மேகத்தைக் கவனியுங்கள்

வடதுருவத்தை ஒட்டிய நாடுகளின் இரவு வானில் பச்சையாக ஆடும் ஒளியை, அரோராவை, பார்க்க முதல் முறை டிசம்பரில் போனோம். மூன்று இரவு, மூன்றும் மேகம். நார்வேயின் டிராம்சோ நகரில் ஈரப்பனியில் நனைந்து, ஒரு கிண்ணம் சூப்புக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து, வானத்தில் ஒரு நட்சத்திரம்கூடப் பார்க்காமல் நானும் மனைவியும் சென்னை திரும்பினோம். இரண்டாம் முறை மார்ச்சில் ஆறு இரவு. அவற்றில் மூன்று இரவு ஒளி தெரிந்தது. மூன்றில் ஒன்று, கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தும் அலுக்காத இரவு.

முதல் பயணத்தில் எதையெல்லாம் தப்பாகச் செய்தேனோ அதையெல்லாம் வரிசையாக எழுதிவைத்திருந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை. நான் துணைமின் நிலையங்களில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சூரியப் புயல் என்றதும் எனக்கு வானத்து வண்ணத்துக்கு முன்பு டிரான்ஸ்பார்மர்தான் நினைவுக்கு வரும். அதைப் பற்றியும் 7-ஆம் படியில் சொல்லியிருக்கிறேன். போகிற இடம் அப்படிப்பட்டது.

1. சூரியச் செய்தியைப் பார்த்து டிக்கெட் வாங்காதீர்கள்

“எக்ஸ் வகைச் சூரிய வெடிப்பு” என்று செய்தி வந்ததும் மனம் பரபரக்கும். அந்தச் செய்தியைப் படிக்கத் தெரிந்தால் பரபரப்பு பாதி அடங்கிவிடும்.

சூரிய வெடிப்புகளை ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் பத்து மடங்கு வலியது. வெடிப்பின் ஒளியும் எக்ஸ் கதிர்களும் எட்டு நிமிடச் சொச்சத்தில் பூமிக்கு வந்துவிடும். அவை செய்வதெல்லாம், பகலாக இருக்கும் பாதியில் சிற்றலை வானொலியைக் கெடுப்பதுதான். துருவ ஒளிக்கும் அந்தக் கதிர்களுக்கும் நேரடித் தொடர்பில்லை. வெடிப்போடு சேர்ந்து சில நேரம் சூரியனிலிருந்து மின்னூட்டத் துகள்களின் பெருந்திரள் ஒன்று பிய்த்துக்கொண்டு கிளம்பும். அதைச் சுருக்கமாக சிஎம்இ என்பார்கள். அது பூமியை நோக்கி வந்தால் பொதுவாக ஒன்று முதல் மூன்று நாளில் வந்து சேரும். வானத்தைப் பற்றவைப்பது அதுதான்.

அது வந்து மோதினாலும் போதாது. அது சுமந்து வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் பூமியின் காந்தப்புலம் கதவைத் திறக்கும். எந்தத் திசை என்பது, சூரியப் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் விண்கலங்களை அது கடக்கும்போதுதான் உறுதியாகத் தெரியும். நம் ஆதித்யா-எல்1 நிற்பதும் அந்தப் பகுதியில்தான். அங்கிருந்து பூமிக்கு வர கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஆக, நம்பகமான எச்சரிக்கை கிடைப்பது அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்கு முன்புதான். விசாவுக்கு ஆவது பதினைந்து நாள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு புயலைப் பிடிக்க முடியாது.

பிடிக்க வேண்டியதும் இல்லை. துருவ ஒளி எப்போதும் காந்தத் துருவத்தைச் சுற்றி ஒரு வளையமாக எரிந்துகொண்டுதான் இருக்கிறது. டிராம்சோ அந்த வளையத்தின் அடியிலேயே இருக்கிற ஊர். புவிக்காந்தக் கலக்கத்தை அளக்கும் கேபி எண் 0 முதல் 9 வரை போகும். 5 தொட்டால்தான் புயல் என்று பெயர். டிராம்சோவில் ஒளியைப் பார்க்க 1, 2 இருந்தாலே போதும். எங்கள் நல்ல இரவில் கேபி 3.

நான் முதலில் விழுந்த குழியைச் சொல்கிறேன். 2024 மே 10 அன்று, ஜி1 முதல் ஜி5 வரை போகும் புயல் அளவுகோலில் உச்சமான ஜி5 நிலைப் புயல் வந்தது. 2003-க்குப் பிறகு அவ்வளவு பெரிதாக அதுதான் முதல். லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்திருந்த படத்தைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. அதே இரவில் டிராம்சோவில் எதுவும் தெரியவில்லை. காரணம் எளியது: மே மாதத்தில் அங்கே இருட்டுவதே இல்லை.

“சூரியச் சுழற்சியின் உச்சம் 2024-இலேயே முடிந்துவிட்டது, இனிப் போய்ப் பயனில்லை” என்று சொல்பவர்களையும் கேட்காதீர்கள். உச்சம் தாண்டி இறங்கும் ஆண்டுகளில் சூரியனின் வெளி வளிமண்டலத்தில் ஒளிவட்டத் துளைகள் என்று சொல்லப்படும் இடங்களிலிருந்து வேகமான சூரியக் காற்று வீசும். சூரியன் தன்னைச் சுற்றிக்கொள்வதால் அதே துளை ஏறக்குறைய 27 நாளுக்கு ஒருமுறை நம் பக்கம் திரும்பும். வளையத்தின் அடியில் நிற்பவர்களுக்கு அதுவே தாராளம்.

2. மாதம், ஊர், இரவுகளின் எண்ணிக்கை

இந்த மூன்றையும் இதே வரிசையில் முடிவு செய்யுங்கள்.

டிராம்சோவில் பருவம் என்பது செப்டம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை. நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் தொடுவானத்துக்கு மேல் வருவதே இல்லை. “அப்படியானால் இருட்டு அதிகம், வாய்ப்பும் அதிகம்” என்று கணக்குப் போட்டுத்தான் நான் டிசம்பரைத் தேர்ந்தெடுத்தேன். கடலோர ஊரில் டிசம்பர் என்றால் மேகம், காற்று, பாதி மழை பாதி பனி. கிறிஸ்துமஸ் கூட்டத்தால் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும்.

என் தேர்வு மார்ச் முதல் மூன்று வாரம். பகலில் வெளிச்சம் இருக்கும், ஊர் சுற்றலாம். இரவிலும் போதுமான இருட்டு. மார்ச், செப்டம்பர் மாதங்களில், அதாவது பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, பூமியின் காந்தப்புலம் சூரியக் காற்றோடு எளிதாகக் கோத்துக்கொள்ளும் என்பதால் கலக்கங்களும் சற்று அதிகம். குளிருக்கு அஞ்சுபவர்கள் செப்டம்பர் கடைசியில் போகலாம். ஏரி உறைந்திருக்காது, ஒளி நீரிலும் தெரியும்.

முழுநிலவு நாளைத் தவிர்க்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். மங்கிய ஒளி நிலவில் அமுங்கிப்போகும் என்பது உண்மை. ஆனால் பனி போர்த்திய மலைகள் நிலவொளியில் தெரிவதால் காட்சி அழகாகும். இதற்காகத் தேதியை மாற்றவேண்டாம்.

ஊர் விஷயத்தில், டிராம்சோவுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. கடலோரம் மூடியிருந்தாலும், ஒன்றிரண்டு மணி நேரம் உள்நாட்டுப் பக்கம் போனால் மலைகள் மேகத்தைத் தடுத்துவிட்டிருக்கும். ஷிபோட்டன் பள்ளத்தாக்கு, அதைத் தாண்டி ஃபின்லாந்தின் கில்பிஸ்யார்வி ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள். தேடித் திரிய விருப்பமில்லை, ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றால் ஸ்வீடனின் அபிஸ்கோ. மழை மறைவில் இருக்கிற சிறிய ஊர். மேலே வானம் அடிக்கடி தெளிந்திருக்கும். பகலில் செய்ய அங்கே அதிகம் இல்லை.

இரவுகள்: ஐந்துக்குக் குறையாமல். மூன்று இரவு என்பது சூதாட்டம். நான் ஆடித் தோற்றவன்.

3. விசா: பெயரில் தொடங்கும் சிக்கல்

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. எனவே ஷெங்கன் விசா. அதிக நாள் தங்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். டிராம்சோவில் ஐந்து நாள், பாரிஸில் ஆறு நாள் என்று திட்டம் போட்டுவிட்டு நார்வேயில் விண்ணப்பித்தால் தப்பு; அது பிரான்சுக்குப் போக வேண்டிய விண்ணப்பம்.

பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாளுக்குள் கொடுக்கக் கூடாது. முடிவுக்கு வழக்கமாக 15 நாள், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள்வரை. குளிர்காலத்துக்கு முன் விசா விண்ணப்ப மையங்களில் நேரம் கிடைப்பது கடினம். மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். பாஸ்போர்ட் அவர்களிடமே இருக்கும் என்பதால் நடுவில் சிங்கப்பூர், கொழும்பு என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு 45 யூரோ, ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பாது.

நாங்கள் கொடுத்தவை இவை:

- பாஸ்போர்ட். கடந்த பத்து ஆண்டுக்குள் வாங்கியதாகவும், ஊர் திரும்பிய பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்க வேண்டும்.
- 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவில் இரண்டு புகைப்படம். பழைய படத்தை ஒட்டாதீர்கள். முந்தைய விசாவில் இருக்கும் அதே படம் என்றால் கண்டுபிடித்துவிடுவார்கள்.
- குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவப் பயணக் காப்பீடு. ஷெங்கன் முழுவதும் செல்ல வேண்டும், பயண நாள் அனைத்தும் அடங்க வேண்டும்.
- போக வர விமான முன்பதிவு, ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிடச் சான்று, நாள்வாரியான பயணத் திட்டம்.
- ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, மூன்று ஆண்டு வருமான வரித் தாக்கல். நார்வே ஒருவருக்கு ஒரு நாளைக்கு 500 குரோன் (அந்நாட்டு நாணயம்) என்று பொதுக் கணக்கு வைத்திருக்கிறது. கணக்கில் அதைவிடத் தாராளமாக இருக்கட்டும்.
- வேலையில் இருப்பவர்களுக்குச் சம்பளச் சீட்டும் விடுப்புக் கடிதமும். எனக்கு விடுப்புக் கடிதம் தர யாரும் இல்லை. ஓய்வூதிய ஆணையின் நகலும், ஓய்வூதியம் வரவாகும் வங்கிப் பக்கங்களும், ஏன் திரும்பி வருவேன் என்று அரைப்பக்கக் கடிதமும் வைத்தேன். வீட்டுப் பத்திரத்தின் நகலும் சேர்த்தேன். ஏற்றுக்கொண்டார்கள்.

கடைசி வாரத்தில் கணக்கில் பெருந்தொகையை யாரிடமாவது கைமாற்று வாங்கிப் போடாதீர்கள். விளக்கமில்லாத வரவு, குறைந்த இருப்பைவிட மோசம்.

இப்போது பெயர். தமிழர்களுக்கு இதுதான் பெரிய கண்ணி. எங்களில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். அல்லது தகப்பனார் பெயர் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். விமான டிக்கெட்டில் முன்னெழுத்து, காப்பீட்டில் விரிந்த பெயர், வங்கியில் வேறு வரிசை. முதல் முறை என் காப்பீட்டில் முன்னெழுத்து மட்டும் இருந்தது என்று மையத்தில் திருப்பிவிட்டார்கள். தப்பு என்னுடையதுதான். ஆனாலும் இன்னொரு நேரம் வாங்க ஒன்பது நாள் ஆயிற்று. விண்ணப்பத்தை நிரப்பும் முன் பாஸ்போர்ட்டை எதிரே விரித்து வைத்து, அதில் உள்ள எழுத்தை அப்படியே எல்லாவற்றிலும் போடுங்கள். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் டிக்கெட்டில் எப்படிப் போடுவது என்று விமான நிறுவனத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வங்கி ஆவணத்தில் பெயர் மாறியிருந்தால் “இருவரும் ஒருவரே” என்று நோட்டரி சான்று ஒன்று போதும்.

கைரேகை ஒருமுறை கொடுத்தால் 59 மாதத்துக்குச் செல்லும். இரண்டாம் முறை எங்களுக்கு அந்த வேலை மிச்சமாயிற்று.

இன்னும் ஒரு கண்ணி: ஸ்வால்பார்ட். நார்வேக்குச் சொந்தமான தீவுக்கூட்டம்தான், ஆனால் ஷெங்கனுக்கு வெளியே. ஒற்றை நுழைவு விசாவோடு அங்கே போனால் திரும்ப நார்வேயின் பெருநிலத்துக்குள் நுழைய முடியாது. போகும் எண்ணம் இருந்தால் பலமுறை நுழைவு விசா கேளுங்கள். ஒளியைத் தேடி ஃபின்லாந்துக்குள் போவதற்கு இந்தக் கவலை இல்லை. இருந்தாலும் பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

4. டிக்கெட், அறை, மொத்தச் செலவு

சென்னையிலிருந்து டிராம்சோவுக்கு நேர் விமானம் கிடையாது. வளைகுடா வழியாகவோ ஐரோப்பிய நகரம் வழியாகவோ ஓஸ்லோ போய், அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான உள்நாட்டு விமானம். லண்டன் வழி மலிவாகத் தெரிந்தால், இடைநிற்பு விசா வேண்டுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து ஓஸ்லோ வந்து உள்நாட்டு விமானம் ஏறுபவர்கள் பெரும்பாலும் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடந்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். இரண்டு விமானத்துக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது விடுங்கள். ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததற்கு அவர்கள் பொறுப்பு.

எங்கள் இருவரின் இரண்டாம் பயணச் செலவு, குரோன் ஒன்றுக்கு 8.50 ரூபாய் வீதம்:

விமானம் 1,70,000. ஆறு இரவு, சமையலறை உள்ள அறை, இரவுக்கு 1,500 குரோன் வீதம் 76,500. இரண்டு இரவு ஒளித் தேடல் பயணம் (வழிகாட்டியின் வண்டியில் தெளிந்த வானம் தேடிப் போவது), ஆளுக்கு 1,700 குரோன் வீதம் 57,800. சாப்பாடும் பஸ்ஸும் 30,600. விசாவும் சேவைக் கட்டணமும் 22,000. காப்பீடு 4,000. உடை 28,000. கூட்டினால் 3,90,000-க்குச் சற்றுக் கீழே. முதல் பயணத்துக்கும் சேர்த்துக் கணக்குப் பார்க்க மனைவி அனுமதிக்கவில்லை.

அறையை எட்டு மாதம் முன்பே, ரத்து செய்யும் வசதியோடு பிடித்தோம். பிப்ரவரியில் போனால் இதே அறை இன்னும் கூடும். சமையலறை இல்லாத அறையை எடுக்காதீர்கள்; உணவகத்தில் இருவர் சாப்பிடும் ஒரு வேளைப் பணத்தில் கடையில் மூன்று நாள் காய்கறி வாங்கலாம். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், புட்டி வாங்கவேண்டாம். யுபிஐ நினைப்பே வேண்டாம், எல்லாம் கார்டுதான். கிளம்பும் முன் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவையுங்கள்.

ரவை, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எல்லாம் கொண்டுபோனோம். நெய் கூடாது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை. பருப்புப்பொடிக்கு நெய் இல்லாமல் ஆறு நாள் இருந்தோம். அங்கே வெண்ணெய் வாங்கி உருக்கிக்கொள்ளலாம் என்று ஐந்தாம் நாள்தான் தோன்றியது.

5. உடை

டிராம்சோ நகருக்குள் குளிர் பயமுறுத்துகிற அளவுக்கு இல்லை; கடலின் வெதுவெதுப்பால் பெரும்பாலும் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. உள்நாட்டுப் பக்கம் போனால் மைனஸ் 20, அதற்கும் கீழே போகும். அங்கே நடக்காமல் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும்.

உடம்பை ஒட்டிக் கம்பளி உள்ளாடை, நடுவில் ஃபிளீஸ், மேலே காற்றும் ஈரமும் புகாத அங்கி. பருத்தி கூடவே கூடாது. வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு உறையவைக்கும். காலணி ஒரு எண் பெரிதாக. சிறிய காலணிக்குள் இரண்டு காலுறை போட்டு இறுக்கினால் ரத்தம் ஓடாமல் விரல் மரத்துப்போகும். பெரும்பாலான தேடல் பயணங்களில் கனமான மேலங்கியும் பூட்ஸும் அவர்களே தருவார்கள். முன்பதிவில் கேட்டுக்கொண்டால் ஐயாயிரம், பத்தாயிரம் மிச்சம்.

உண்மையான ஆபத்து நடைபாதையில் இருக்கிறது. உருகி உறைந்த பனி கண்ணாடி போல இருக்கும். செருப்பின் அடியில் மாட்டும் முள் பட்டையை அங்கே ‘ப்ரொடர்’ என்கிறார்கள். எந்தக் கடையிலும் கிடைக்கும். வந்திறங்கியதும் முதலில் அதை வாங்குங்கள். நாங்கள் இரண்டாம் நாள் வாங்கினோம். முதல் நாளே மனைவி விழுந்து மணிக்கட்டு வீங்கியது.

6. அந்த இரவு

மாலை ஆறு மணியிலிருந்து அதிகாலை இரண்டு வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். பத்துக்கும் நள்ளிரவுக்கும் இடையே வாய்ப்பு அதிகம். பகலில் தூங்கிக்கொள்ளுங்கள்.

கேபி எண்ணைப் பார்க்கும் நேரத்தில் பாதியை மேக வரைபடத்துக்குக் கொடுங்கள். நார்வே வானிலை நிறுவனமும் அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ‘ஈர்’ என்ற சேவையை ஊரே நம்புகிறது. அதில் தாழ்ந்த, நடு, உயர்ந்த மேகம் என்று தனித்தனியாகப் பாருங்கள். மெல்லிய உயர்ந்த மேகம் என்றால் ஒளி ஊடுருவும். தாழ்ந்த மேகம் என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இன்னொரு உத்தி, எங்கள் ஓட்டுநர் சொல்லிக்கொடுத்தது: நெடுஞ்சாலைத் துறையின் சாலைக் கேமராக்கள் இணையத்தில் நேரலையாகக் கிடைக்கும். எந்தக் கணவாயில் வானம் திறந்திருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். முன்னறிவிப்பைவிட அது மேல்.

கேபி எண் மூன்று மணி நேரத்துக்கும் சேர்த்துக் கொடுக்கும் ஒற்றை எண் என்பதை மறக்காதீர்கள். “இப்போது 1-தான், தூங்கப் போகலாம்” என்று அறைக்குப் போன எங்கள் பக்கத்து அறைக்காரர், இருபது நிமிடம் கழித்து வானம் முழுக்க ஆடியதைத் தவறவிட்டார்.

தேடல் பயணத்தை முதல் இரவுக்கே பதிவு செய்துவிடாதீர்கள். முன்னறிவிப்பு இரண்டு நாளுக்கு ஓரளவு சரியாக இருக்கும். வந்திறங்கிய பிறகு நல்ல இரவாகப் பார்த்துப் பதிவு செய்யலாம். மார்ச்சில் இடம் கிடைக்கும், பிப்ரவரியில் உறுதி இல்லை. பெரிய பஸ் மலிவு. எட்டுப் பேர் போகும் சிறு வண்டி கூடுதல், ஆனால் மேகத்தைத் துரத்தி எல்லை தாண்டிக்கூட ஓட்டுவார்கள். நீங்களே வாடகைக் கார் எடுத்து ஓட்டலாம் என்று நினைத்தால், வேண்டாம். நம் ஊர் மழைக்காலச் சாலையில் ஓட்டிய அனுபவம் உறைந்த மலைச்சாலையில் செல்லாது.

பணம் கொடுக்காமல் பார்க்க வேண்டுமா? வானம் தெளிந்திருந்தால் டிராம்சோ தீவின் நடுவே உள்ள பிரஸ்ட்வன்னட் ஏரிக்கு நடந்தே போகலாம். எங்கள் மூன்று இரவில் ஒன்று அங்கேதான்.

எதைப் பார்ப்பீர்கள் என்பதிலும் ஒரு எச்சரிக்கை. முதலில் வருவது சாம்பல் நிற மேகக்கீற்று போலத்தான் இருக்கும். கைபேசியை நீட்டிப் படம் எடுத்தால் அது பச்சையாக விழும். அப்படித்தான் மேகமா ஒளியா என்று பிரித்தறிவோம். வலுத்த பிறகுதான் கண்ணுக்கும் பச்சை தெரியும். நூறு கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜன் தரும் நிறம் அது. இன்னும் உயரத்தில் அதே ஆக்சிஜன் சிவப்பு தரும். அது கண்ணுக்கு எளிதில் அகப்படாது. எங்கள் பெரிய இரவில் பச்சைத் திரையின் கீழ்விளிம்பு இளஞ்சிவப்பாகத் துடித்தது. கோயில் திரையை யாரோ உள்ளிருந்து அசைப்பதுபோல. மனைவி கைகூப்பி நின்றார். வண்டியில் வந்த மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

படத்துக்கு: கைபேசியில் இரவு முறை, மூன்று முதல் பத்து விநாடி, சிறிய முக்காலி. கேமரா என்றால் அகன்ற லென்ஸ், ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, கைமுறைக் குவியத்தை ஒரு நட்சத்திரத்தில் வைத்துவிடுங்கள். பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கும். உதிரியைச் சட்டையின் உள்பையில் வைத்திருங்கள். முதல் பத்து நிமிடம் படமே எடுக்காமல் இருந்தால் நல்லது.

7. புயல் எச்சரிக்கை வந்துவிட்டால்

நீங்கள் அங்கே இருக்கும்போதே ஜி4, ஜி5 எச்சரிக்கை வந்தால் ஒளி வளையம் தெற்கே விரியும். டிராம்சோவிலும் தெரியும், ஆனால் தெற்கு வானத்தையும் பாருங்கள். அந்த இரவில் வேறு சில வேலைகளும் உண்டு.

புவிக்காந்தப் புலம் ஆடும்போது தரையில் மின்னழுத்தம் எழும். கனடாவிலும் ஸ்காண்டிநேவியாவிலும் பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தாது. எனவே மின்னோட்டம் எளிய வழியைத் தேடி, டிரான்ஸ்பார்மரைத் தரையோடு இணைக்கும் நியூட்ரல் எர்த் வழியாக மேலேறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரழுத்தக் கம்பியில் போய், இன்னொரு டிரான்ஸ்பார்மரின் எர்த்தில் இறங்கும். கிட்டத்தட்ட நேர்மின்னோட்டம் அது. மாறுமின்னோட்டத்துக்கென்று செய்த இரும்பு உள்ளகம் ஒவ்வொரு சுற்றின் ஒரு பாதியிலும் காந்தப்புலத்தால் நிரம்பித் திணறும். டிரான்ஸ்பார்மர் உறுமும், சூடேறும், மின்னழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் ரியாக்டிவ் பவரை விழுங்கும். அலைவடிவம் கெட்டதால், பாதுகாப்புக் கருவிகளான ரிலேக்கள் ஏமாந்து இணைப்பைத் துண்டித்துவிடும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மின்கட்டமைப்பு இப்படித்தான் 92 விநாடியில் மொத்தமாகச் சரிந்தது. 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. 2003 அக்டோபர் 30 அன்று ஸ்வீடனின் மால்மோவில் சுமார் 50,000 பேருக்கு மின்சாரம் போனது. ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. 2024 மே புயலில் நியூசிலாந்து சில மின்தடங்களை முன்கூட்டியே நிறுத்திவைத்துச் சமாளித்தது. இந்தத் தொழிலில் இருந்தவனாகச் சொல்கிறேன்: ஒரு மணி நேர எச்சரிக்கை கட்டுப்பாட்டு அறைக்குப் பெரிய செல்வம்.

எனவே பதற வேண்டாம். ஆனால் நார்வேயில் வீடுகளைச் சூடாக்குவதே பெரும்பாலும் மின்சாரம்தான். மைனஸ் பதினைந்தில் மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லையென்றால் அது சென்னையின் மூன்று மணி நேரம் அல்ல. தனிக் குடிலில் தங்கினால் விறகு அடுப்பு உள்ளதாகப் பாருங்கள். எச்சரிக்கை வந்த மாலையில் கைபேசியையும் பவர் பேங்கையும் முழுக்க ஏற்றுங்கள், குடிநீர் பிடித்துவையுங்கள், தலைவிளக்கு எடுத்துவையுங்கள். கார்டு இயந்திரம் நின்றால் உதவ 500, 1,000 குரோன் ரொக்கம் இருக்கட்டும். அந்நாட்டுக் குடிமைப் பாதுகாப்புத் துறையே ஒவ்வொரு வீடும் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கத் தயாராக இருக்கும்படி சொல்கிறது; பயணிக்கு ஒரு நாளுக்கான ஏற்பாடு போதும்.

ஜிபிஎஸ் அன்று இடத்தைச் சில மீட்டர், சில நேரம் அதற்கும் மேல் தவறாகக் காட்டலாம். காட்டுப் பாதையில் கைபேசி வரைபடத்தை மட்டும் நம்பி நடக்காதீர்கள். துருவத்தை ஒட்டிப் பறக்கும் விமானங்களை வேறு தடத்துக்குத் திருப்புவார்கள். திரும்பும் விமானம் அன்றானால் நேரத்தை மறுபடி பாருங்கள்.

அன்று ஊரிலிருந்து குடும்பக் குழுவில் ஒரு செய்தி கட்டாயம் வரும்: “இன்று இரவு கதிர்வீச்சு, கைபேசியை அணைத்து வையுங்கள்.” பொய். புயல் உங்கள் கைபேசியையோ உடம்பையோ தரையில் எதுவும் செய்யாது. “நம் ஊரில் கரண்ட் போகுமா?” என்றும் கேட்பார்கள். காந்த நிலநடுக்கோடு திருநெல்வேலிக்கு அருகிலேயே போகிறது. துருவ ஒளி வளையத்தின் மின்னோட்டங்கள் நமக்கு வெகு தூரம். தமிழ்நாட்டில் கரண்ட் போனால் காரணம் பெரும்பாலும் ஒரு புளியங்கிளைதான் என்று பதில் போட்டேன்.

8. திரும்பும் நாள்

டிராம்சோவிலிருந்து ஓஸ்லோ வரும் விமானம் பனிப்புயலில் நிற்கலாம். சென்னை விமானத்துக்கு முந்தைய நாளே ஓஸ்லோ வந்து ஒரு இரவு தங்கிவிடுங்கள். அந்த இரவையும் விசாவுக்கான தங்குமிடச் சான்றிலும் காப்பீட்டுத் தேதியிலும் சேர்த்திருக்க வேண்டும். காப்பீட்டை ஊர் வந்து சேரும் தேதிக்கும் இரண்டு நாள் கூடுதலாகவே எடுங்கள். நானூறு, ஐநூறு ரூபாய்தான் வித்தியாசம். பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் போட்டால் எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள், கைப்பையில் வையுங்கள். இரவல் வாங்கிய பூட்ஸைத் திருப்பிக் கொடுக்கும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். என் கம்பளிக் காலுறை ஒன்று இன்னும் டிராம்சோவில்தான் இருக்கிறது.